தலைமேல் தழல்

காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்ளுங்கள் சார். இந்தக் கேரியரை நான் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே கம்பியில் வைத்தால் ஆத்தூர் வளைவில் சாம்பார் பின்சீட்டுக்காரர் தலையில் இறங்கிவிடும். ஒருதடவை இறங்கியிருக்கிறது. அவர் நல்ல மனிதர். ருசி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வந்தார்.

என்ன கறி என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். அடியில் சோறு. அதற்கு மேல் முருங்கைக்காய்ச் சாம்பார். அதற்கு மேல் அவியல். உச்சியில் இருக்கிற குட்டி அடுக்கில் மாங்காய்ப் பச்சடி. அந்த உச்சி அடுக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

யாருக்கு என்கிறீர்களா? ஆஸ்பத்திரிக்கு இல்லை. மகனுக்கும் இல்லை, அவன் துபாயில் இருக்கிறான், இந்த பஸ் அவ்வளவு தூரம் போகாது. முள்ளக்காட்டில் இறங்குவேன். அதற்குள் சொல்லிவிடலாம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொய் சொல்ல மாட்டேன். வேதத்துப் பத்துக் கற்பனையில், அதாவது பத்துக் கட்டளையில், அது ஒன்பதாவது. கொஞ்சம் நீட்டிச் சொல்வேன். நீட்டிச் சொல்லாதே என்று கற்பனை எதுவும் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன்.

என் பெயர் அருமைநாயகம். ஊர் சமரசபுரம், குரும்பூரிலிருந்து உள்ளே போக வேண்டும். இருநூறு வீடு, ஒரு வேதக்கோயில், ரெண்டு தெரு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார ஐயர், பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம், வந்து, எல்லோரும் சமரசமாக இருங்கள் என்று அந்தப் பெயரை வைத்தார். வைத்த மறுவாரமே கோயில் மணிக்கயிற்றை மேலத்தெரு இழுப்பதா கீழத்தெரு இழுப்பதா என்று அடிதடி. அவர் கப்பலேறிவிட்டார். பெயர் தங்கிவிட்டது.

எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருநாள், மே மாதம், கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் உண்டு. வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் கொடுத்து, கோயில் வளாகத்தில் ஆறு கிடாரம், அதாவது பெரிய அண்டா, அடுப்பில் ஏற்றி, ஊர் முழுக்க ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து கறியும் சோறும் சாப்பிடுவது. ஜட்ஜும் உட்காருவார், அவர் ஜெயிலுக்கு அனுப்பினவனும் பக்கத்தில் உட்காருவான். பம்பாய்க்குப் போனவன் அப்பன் சாவுக்கு வருகிறானோ இல்லையோ, அசனத்துக்கு வந்துவிடுவான்.

இந்த அசனத்தில் ஐயருக்கு அடுத்த பதவி எது தெரியுமா? கமிட்டிச் செயலாளர் என்று நினைப்பீர்கள். இல்லை. உப்புப் பார்க்கிறவர். சமையல்காரர்கள் வெளியூர்க்காரர்கள், உப்பைப் பாதிதான் போடுவார்கள். மீதியை ஊர் நாக்குதான் சொல்ல வேண்டும். கொதிக்கிற கறிக்குழம்பை நீளக் கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, நக்கி, கண்ணை மூடி, 'ரெண்டு கை' என்றோ 'போதும்' என்றோ சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஐயர் ஜெபம் பண்ணுவார். ஜெபம் முடிந்துதான் பந்தி. ஆக, ஐயரே கையைக் கட்டிக்கொண்டு அந்த நாக்குக்காகக் காத்திருப்பார்.

அந்தக் கரண்டி பத்தொன்பது வருஷம் என் கையில் இருந்தது. அதற்கு முன்னால் என் அப்பா கையில். எங்கள் குடும்பத்து நாக்கு அப்படி. ஒரு கல் உப்பை வைத்தால் அது ஆறுமுகநேரி அளத்து உப்பா, வேம்பாரா, தருவைக்குளமா என்று சொல்லிவிடுவேன். உப்பு வாரின அன்றைக்குக் கச்சான் காற்று அடித்ததா வாடை அடித்ததா என்பதையும் சொல்வேன். ஒருதடவை ஜன்னி கண்டு வீட்டில் படுத்திருந்தேன். கோயில் அரை மைல். காற்றில் ஆவி வந்தது. எழுந்து உட்கார்ந்து, 'மூணாவது கிடாரத்துக்கு ஒண்ணரைக் கை' என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னியில் விழுந்தேன். ஆள் ஓடிப் போய்ப் பார்த்தால் சரியாக ஒண்ணரைக் கை. எனக்குப் பெருமை பிடிக்காது, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அந்தக் கரண்டி எப்படிப் போயிற்று என்பதுதான் என் குறை.

அன்றைக்கு நான் கிடாரத்துப் பக்கத்தில் நின்று சமையல்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தேன். மணப்பாட்டுக் கரையில் திமிங்கிலம் ஒதுங்கியபோது நான் அதன் வாய்க்குள் நின்ற விஷயம். வேதத்தில் யோனா மீன் வயிற்றுக்குள் மூன்று நாள் நின்றார், நான் மூன்று நிமிஷம். உள்ளே எப்படி இருந்தது என்று அவர்கள் கேட்க, நான் சொல்ல, அந்த நேரத்தில் யாரோ கிடாரத்தை இறக்கிவிட்டார்கள். அது சமையல்காரர்கள் தப்பு. பந்தி உட்கார்ந்தது. உப்புப் பார்த்தாயிற்று என்று நினைத்து ஐயர் ஜெபம் பண்ணினார். எல்லோரும் முதல் வாய் வைத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் மாசிலாமணி பேசினார். ஓய்வுபெற்ற போஸ்ட்மேன், எனக்கு ஒரு வயது இளையவர், கீழத்தெரு. இலைக்கு முன்னால் உட்கார்ந்து, தெருத்தெருவாகப் பெயர் கூப்பிட்ட அதே குரலில் சொன்னார்:

"நம்மளைப் பூமிக்கு உப்புன்னுதான் வேதத்துல போட்டிருக்கு. குழம்புக்கு யாரு உப்புன்னு போடலியோ, நாயகம்?"

சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு. ஆயிரத்து இருநூறு பேர். வரிசை வரிசையாக ஓடியது. காது கேட்காதவர்கள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு ரெண்டாவது சுற்று சிரித்தார்கள். ஐயர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. அடுத்த வருஷம் கமிட்டி கூடிக் கரண்டியைத் தூக்கி மாசிலாமணியிடம் கொடுத்துவிட்டது. போஸ்ட்மேனுக்கு நாக்கு எதற்கு சார்? ஸ்டாம்பு ஒட்ட.

அதோடு பேச்சு நின்றது. ஏழு வருஷம். நற்கருணைக்குக்கூட அவர் வலப்பக்கம் முழங்கால் போட்டால் நான் இடப்பக்கம் போய்விடுவேன். பகையோடு பந்தியில் சேரக் கூடாது என்று இருக்கிறது. அதனால்தான் தள்ளிப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஏழில் ரெண்டு வருஷம் அசனமே கிடையாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு திரிந்தோமே, அந்தக் காய்ச்சல் காலம். மாசிலாமணிக்கும் வந்தது. பிழைத்துக்கொண்டார். அவர் சம்சாரம் அதற்கு முன்னாலேயே போய்விட்டது. மகள் எப்சிபா முள்ளக்காட்டில் டீச்சர். ஆக, வீட்டில் ஒற்றை ஆள்.

காய்ச்சல் ஓய்ந்து, வருகிற மே மாதம் அசனம் உண்டு என்று கமிட்டி அறிவித்தது. ரெண்டு வருஷத்துப் பசி, ஊர் முழுக்க வரப்போகிறது. கரண்டி மாசிலாமணிக்கு. எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

அப்போது லெந்து நாட்கள் ஆரம்பம், ஈஸ்டருக்கு முந்தின தவசு நாட்கள். முதல் ஞாயிறு. பெனட் ஐயர் என்று நாகர்கோவில் பக்கத்து இளவட்டம், புதிதாக வந்திருந்தார். பிரசங்கத்தில் நான் வசனம் வாசித்ததும் கண்ணை மூடுவேன், ஆசீர்வாதத்துக்குத் திறப்பேன். தியானம். அன்றைக்கு நடுவிலே 'தழல்' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. கண்ணைத் திறந்துவிட்டேன். உன் சத்துரு பசியாயிருந்தால் சோறு போடு, தாகமாயிருந்தால் தண்ணீர் கொடு, அப்படிச் செய்தால் அவன் தலைமேல் நெருப்புத் தழலைக் குவிப்பாய். பவுல் சொன்னது. அதற்கு முன்னாலேயே நீதிமொழிகளிலும் இருக்கிறதாம். ரெண்டு சாட்சி. எழுபது வருஷமாகக் கோயிலுக்குப் போகிறேன், இவ்வளவு உபயோகமான வசனத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை பாருங்கள்.

வாசலில் ஐயர் கைகுலுக்கிக்கொண்டு நின்றார். கேட்டேன்.

"ஐயா, அந்தத் தழல் சாப்பிட்ட உடனே விழுமா, செரிச்ச பிறகா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது ஒரு உவமைங்கய்யா. நாம நன்மை செய்யச் செய்ய அவங்க வெட்கப்பட்டு மனசு மாறுவாங்கன்னு அர்த்தம்."

"வெட்கம்னாலும் சரிதான். எத்தனை நாள் எடுக்கும்?"

"அது தேவசித்தம்."

"நாப்பது நாள் போதுமா?"

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. "நாப்பது நல்ல கணக்குதாங்கய்யா" என்று சொல்லி அடுத்த கையைப் பிடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் சம்சாரம் பரிபூரணத்திடம் சொன்னேன். நாளையிலிருந்து நாற்பது நாள் ஒரு சாப்பாடு கூடுதல், மாசிலாமணிக்கு. அவள் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எதுக்கு?"

"தலையில தழல் விழ."

"அவர் தலையில விழுதோ இல்லியோ, என் அடுப்பில தினம் விழணும். நானும் முப்பத்தெட்டு வருஷமா உங்களுக்குச் சோறு போடுதேன். ஒரு பொறிகூட விழக் காணோம்."

நல்ல பெண்பிள்ளை. வேத ஞானம் கொஞ்சம் குறைவு.

மறுநாள் பதினொன்றே முக்காலுக்குப் போனேன். ஏன் பதினொன்றே முக்கால்? பசியாயிருந்தால் என்று நிபந்தனை இருக்கிறது. பன்னிரண்டரைக்கு அவர் எதையாவது தின்றுவிட்டால் வசனம் வேலை செய்யாது. மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார்.

யார் முதலில் பேசுவது? பேசினவன் தோற்றான். சுவரில் ஒரு வசனக் காலண்டர் தொங்கியது. நான் அதைப் பார்த்துச் சொன்னேன்.

"பசியா இருந்தா சாப்பிடலாம்."

அவரும் அதே காலண்டரைப் பார்த்துச் சொன்னார். "விஷம் இருந்தா முதல்ல காக்காய்க்கு வைக்கச் சொல்லு."

"வேதத்துல போட்டிருக்குன்னு கொண்டாந்திருக்கு."

"அப்படின்னா வச்சிட்டுப் போகச் சொல்லு. முன்னால வச்சதை விசாரிக்காமச் சாப்பிடணும்னு அதுவும் வேதத்துலதான் போட்டிருக்கு."

பாருங்கள், சத்துருவும் வசனம் தெரிந்த சத்துரு. எப்படி இருக்கும்?

சாயங்காலம் கேரியர் எங்கள் வீட்டு நடைக்கதவில் தொங்கியது. நன்றாகக் கழுவி விளக்கியிருந்தது. தூக்கினேன், உச்சி அடுக்கில் ஏதோ சரசரத்தது. திறந்தால் ஒரு பிடி கல்லுப்பு.

எனக்குத் தலை சுற்றிவிட்டது. நான் உப்புப் பார்த்து அனுப்பின சாப்பாட்டுக்குப் பதில் உப்பு. அதாவது, இன்னமும் உனக்கு உப்புப் போடத் தெரியவில்லை என்கிறான். பரிபூரணத்திடம் காட்டினேன். "உப்புத்தானே, ஜாடியில போடுங்க" என்றாள். போட்டேன். மறுநாள் இன்னும் கவனமாக நானே உப்புப் பார்த்து அனுப்பினேன். சாயங்காலம் மறுபடியும் ஒரு பிடி. மூன்றாம் நாள், நான்காம் நாள், தினம் ஒரு பிடி. இவன் கொழுப்பைப் பாருங்கள் என்று இருந்தது. விடவில்லை. உளுந்தஞ்சோறு போயிற்று. சொதி போயிற்று. தாகத்துக்கு என்று பனையேறி வீட்டில் சொல்லிவைத்துப் பதநீர் வாங்கித் தனித் தூக்கில் கொண்டு போனேன். சலூன்காரரிடம் விசாரித்தேன், மாசிலாமணி தலையில் சூடு கீடு தெரிகிறதா என்று. "முன்னைக்கு இப்ப எண்ணெய்ப்பசை கூடியிருக்கு அண்ணாச்சி" என்றார். ஆள் தேறிக்கொண்டு வந்தார் சார். கன்னம் வைத்துவிட்டது. சத்துருவுக்குத் தொந்தி விழுந்தால் அது எந்த வசனத்தில் சேரும்?

இருபத்து மூன்றாம் நாள் ஒரு தவறு நடந்தது. பரிபூரணம் குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டுப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போய்விட்டாள். அவள் போடவில்லை என்று நினைத்து நானும் போட்டேன். அன்றைக்கு எனக்கு மூக்கடைப்பு, அதனால் நாக்கு வேலைக்கு வரவில்லை. கேரியரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தேன். ஒரு வாய். மூக்கடைப்பு தெறித்துப் போயிற்று. காக்காய்க்கு வைத்தேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. சவக்கடல் தண்ணீரை வற்றவைத்து ஊற்றினது மாதிரி.

ஓடினேன். அவன் அந்தக் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டப் போகிறான், அவ்வளவுதான் என் கதை. போய்ப் பார்த்தால் மாசிலாமணி கடைசி வாயை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஏப்பம் விட்டார்.

காலண்டரைக் கேட்டேன். "எப்படி இருந்துச்சாம்?"

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. அந்த வீட்டுக் கைப்பக்குவம் மாறாது."

நான் வீட்டுக்கு மெதுவாக நடந்து வந்தேன். மறுநாள் ஒரு கல் உப்பு இல்லாமல் சமைக்கச் சொன்னேன். கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவர் சாப்பிட்டார். பாதி வழியில் தலையை ஆட்டி, பிரமாதம் என்கிற மாதிரி விரலைக் காட்டினார், காலண்டருக்கு.

"இன்னைக்கு உப்பே போடலைவே" என்றேன்.

ஏழு வருஷத்தில் காலண்டர் இல்லாமல் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. 

"நேத்து?" என்றார்.

"நேத்து ரெட்டை உப்பு."

"அப்படியா" என்றார். பிறகு சாவகாசமாக மீதியைச் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவினார். "காய்ச்சலோட போச்சு. வாசனை திரும்பி வந்துச்சு. நாக்கு வரலை. டாக்டர் வரும்னாரு."

அலமாரியில் ஒரு உப்புப் பாக்கெட் பிரித்து வைத்திருந்தது. அதைக் காட்டினார். "காலையில எந்திச்ச உடனே ஒரு கல்லு நாக்குல வச்சுப் பாக்கேன். ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் தெரியாதா."

ஜெபத்துக்கு முன்னாலேயே உப்பு. பைத்தியக்காரன்தானே?

"அப்போ கேரியர்ல எதுக்குவே தினம் உப்பு? என்னைக் குத்திக்காட்டவா?"

"வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு அவ இருந்தப்போ சொல்லுவா. இந்த வீட்டுல வேற என்ன இருக்கு?"

அந்த விளக்கத்தை நான் அன்றைக்கு நம்பவில்லை. இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை. ஆனால் எனக்கு உள்ளே ஒரே ஆனந்தம். உப்பு சாரமற்றுப்போனால் வெளியே கொட்டி மிதிக்கத்தான் ஆகும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். தழல் வருகிறதோ இல்லையோ, கரண்டி வந்துவிட்டது.

மாசிலாமணி விஷயம் தெரிந்த ஆள். அவரே கேட்டார். "எப்பம் சொல்லப் போறீரு?"

"அசனத்தன்னைக்கு. நீரு கரண்டியில எடுத்து நக்கினதும், எல்லார் முன்னாலயும். என்னையும் எல்லார் முன்னாலயும்தானே சொன்னீரு."

"ஆமா" என்றார். "அதுதான் ஞாயம்."

"வேணும்னா அன்னைக்கு வராம இருந்துக்கிடும். மக வீட்டுக்குப் போயிரும்."

"வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்க. வந்தே கேட்டுக்கிடுதேன். நாளைக்கு என்ன கொழம்பு?"

நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்கிறான் சார். புளிக்குழம்பு என்றேன். நாற்பது நாள் என்று நேர்ந்தது, பாதியில் விட முடியுமா? மீதிப் பதினாறு நாளும் கொண்டு போனேன். காலண்டரை ரெண்டு பேரும் மறந்துவிட்டோம். அவர் தபால் கொடுத்த கதை சொல்வார், நான் திமிங்கிலத்தைச் சொல்வேன். திமிங்கிலத்தின் பல்லை எண்ணினீரா என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். கடைசி நாள் கேரியர் வாங்கும்போது, "இன்னும் தழல் விழலியேவே" என்றேன். "நானும் தொட்டுத் தொட்டுத்தான் பாக்கேன்" என்றார்.

ஈஸ்டர் போயிற்று. மே வந்தது. அசனத்துக்கு வீட்டுக்கு வீடு ஏதாவது கொடுக்க வேண்டும். வீட்டு ஜாடியில் நாற்பது பிடி உப்பு சும்மா கிடந்தது. வீணாகக் கூடாது என்று அதைக் கொண்டுபோய்ச் சமையல்காரரிடம் கொடுத்தேன். பரிபூரணம் என்னைக் கதவருகில் நிறுத்தினாள்.

"சொல்லத்தான் போறீங்களா?"

"ஆமா."

"சொல்லிட்டு வாங்க. நாளையில இருந்து உங்களுக்கும் உப்பில்லாம வைக்கேன். அவருக்கு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிடலாம்."

மிரட்டலுக்குப் பயப்படுகிற ஆள் நான் இல்லை. போனேன்.

ஆறு கிடாரமும் கொதித்தது. ஆயிரத்து ஐந்நூறு பேர், எண்ணினவர்கள் இருக்கிறார்கள். ஐயர் கையைக் கட்டி நின்றார். மாசிலாமணி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு. கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து கரண்டியை வாங்கினார். நான் முதல் வரிசையில் நின்றேன். வாசகத்தை நூறு தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். 'அவருக்கு நாக்கு செத்து ரெண்டு வருஷம் ஆகுது, குழம்புக்கு யாருவே உப்பு?' சுருக்கமாக, அழகாக.

முதல் கிடாரம். கரண்டியை விட்டு எடுத்தார். உள்ளங்கையில் ஊற்றினார்.  நக்கினார். கண்ணை மூடினார். அவ்வளவு கூட்டத்திலும் விறகு வெடிக்கிற சத்தம்தான். மூடின கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் திறக்கவில்லை. ஒரு பிள்ளை அழுதது. பிறகு திறந்தார். நேரே என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை சார். சொல்லும்வே என்கிற பார்வை. தபாலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, பெயரைக் கூப்பிட்டுவிட்டு, ஆள் வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாரே, அது.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேனா, அந்த நேரம் பார்த்து வாய்க்குள் புகை போய்விட்டது. பச்சை விறகு. வேப்ப விறகு வாங்கச் சொன்னால் கமிட்டி எதையாவது வாங்கிவிடுகிறது. இருமல் வந்தது. ரெண்டு இருமல்.

"ரெண்டு கை" என்றார் மாசிலாமணி.

சமையல்காரர் ஜாடியிலிருந்து ரெண்டு கை அள்ளிப் போட்டார்.

ஆவியை வைத்துப் பார்த்தால், அந்தக் கிடாரத்துக்கு ரெண்டு கைதான் குறைந்தது. அது தற்செயல்.

ரெண்டாவது கிடாரம். நக்கினார், பார்த்தார். காற்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டது, எனக்குப் புகை வரவில்லை. "போதும்" என்றார். மூன்றாவதற்கு ஒரு இருமல். நான்காவதற்கு ஒன்றும், அரையும். அரை இருமல் என்றால் தொண்டையைச் செருமுவது. ஐந்தாவது போதும். ஆறாவதற்குப் புகை ரொம்ப அதிகம், மூன்று. ஐயர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தனுப்பினார். "ஐயாவுக்கு நெஞ்சுச்சளி போல" என்றார். நான் வாங்கிக் குடித்தேன்.

பந்தி உட்கார்ந்தது. முதல் வாய் வைத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. இந்தத் தடவை சத்தமில்லாதது வேறு மாதிரி. யாரும் தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பக்கத்து இலையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள், திரும்பினால் மாசிலாமணி. குழம்பைப் பிசைந்துகொண்டே மெதுவாகக் கேட்டார்.

"என்னவே, இருமல்?"

"புகை."

"ஆமா. இன்னைக்குப் புகை ஜாஸ்தி." ஒரு வாய் வைத்தார். மென்றார். "எப்படிவே இருக்கு?"

"சரியா இருக்கு" என்றேன்.

"அப்படின்னா சரி" என்று சாப்பிட ஆரம்பித்தார்.

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. நாலு அசனம். நாலு தடவையும் அதே புகை, எனக்கு அதே இருமல். மற்ற நாளில் இருமல் கிடையாது, டாக்டரிடம் காட்டிவிட்டேன். கரண்டி இன்னும் அவர் கையில்தான். போன வருஷம் இடுப்பெலும்பு விலகி முள்ளக்காட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். கமிட்டி என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீங்களே பாருங்கள் என்றது. அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன். விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவர் ஊர் முன்னால் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. ஊர் முன்னால் நான் சொல்ல வேண்டியது அப்படியே என்னிடம் இருக்கிறது. வருஷா வருஷம் சொல்லத்தான் போகிறேன். புகைதான் விடமாட்டேன் என்கிறது.

இந்த விஷயம் பரிபூரணத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்களிடம்தான் சொல்கிறேன். போன சனிக்கிழமை இதே சீட்டில் ஒரு பேங்க்காரர் உட்கார்ந்திருந்தார், அவரிடமும் சொன்னேன். அவர் வெளியூர்.

ஆமாம், சனிக்கிழமைதோறும் கொண்டு போகிறேன். பெனட் ஐயர் மாற்றலாகிப் போகும்போது கேட்டார், நாற்பது நாள்தானே சொன்னீர்கள் என்று. வசனத்தை நான் மறுபடி படித்துப் பார்த்தேன் சார். எத்தனை நாள் என்று போடவில்லை. தழல் விழும்வரை என்றுதான் அர்த்தம் ஆகிறது. அந்த ஆள் தலையில் இதுவரை ஒரு பொறி இல்லை, ஒரு வெட்கம் இல்லை. போனால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். "பதினஞ்சு நிமிஷம் லேட்டு" என்பார். பெற்ற மகள் சமைத்ததைத் தள்ளிவைத்துவிட்டு இதைச் சாப்பிடுவார். திரும்பும்போது உச்சி அடுக்கில் ஒரு பிடி உப்பு. இப்போது அளத்து ஊரிலேயே இருக்கிறார், கேட்கவா வேண்டும்?

என்ன கேட்டீர்கள்? நாக்குத்தான் இல்லையே, உப்புக் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்றா?

நல்லா இருக்கிறதே. காலையில் மூன்று தடவை பார்த்தேன். சாம்பாரில் ஒரு கல் கூடிவிட்ட மாதிரி இருந்தது, ஒரு உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தேன். அதனால்தான் முந்தின பஸ்ஸை விட்டேன். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் அல்லவா?

அதோ, ஜன்னல் பக்கம் பாருங்கள், உப்பளம் வந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த நிறுத்தம் முள்ளக்காடு. நான் எழுந்திருக்க வேண்டும், முழங்கால் ஒத்துழைக்காது. ஒரு கை கொடுங்கள். கொஞ்சம் இருங்கள், அதற்கு முன்னால் இந்தக் கேரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நேரே பிடியுங்கள் சார், சரித்துவிடாதீர்கள். என் சத்துரு சாப்பிட வேண்டிய சாப்பாடு.